பெயர் மட்டும் மாறிய குழாய்: வடிவமைப்பு மென்பொருளில் புதிய குழாய்ப்பொருளைச் சேர்த்தபோது நேர்ந்த பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

முன்வார்ப்பு மேன்ஹோல்களின், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் ஆய்வுக் குழிகளின், முதல் தொகுதி வந்திறங்கிய மறுநாள், களத்தில் அளவெடுப்பவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், மேன்ஹோல் சுவரில் விட்டிருக்கும் துளை எந்தக் குழாய்க்கு?" என்று கேட்டார். 400 மி.மீ. பாலிஎத்திலீன் குழாய்க்கு என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "குழாயைத் துளைக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது" என்றார். அவர் அனுப்பிய படத்தில் எஃகு நாடா துளையின் குறுக்கே கிடந்தது. அது 540 மி.மீ. காட்டியது. பக்கத்தில் கிடந்த கறுப்புக் குழாயின் வெளிவிட்டம் சரியாக 400. ரப்பர் வளையம் பொருந்த 20 மி.மீ. கூட்டி, 420 என்று துளை விட்டிருக்க வேண்டும்.

துளையின் அளவை யாரும் கையால் எழுதவில்லை. முப்பரிமாண மாதிரியிலிருந்து அது தானாக எடுக்கப்பட்டது. மாதிரியில் அந்தக் குழாயின் வெளிவிட்டம் 520 மி.மீ. என்று இருந்தது, அதோடு 20 கூட்டி 540 என வார்த்துவிட்டார்கள். அந்த 520 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான், ஒரு குழாய்ப்பொருளை மென்பொருளில் சேர்த்த விதத்தில் நான் செய்த பிழை முழுவதும் வெளிப்பட்டது. துளை அதில் மிகச் சிறிய பகுதிதான்.

பின்னணி

வேலை, ஈர்ப்பு ஓட்டத்தில் இயங்கும் ஒரு கழிவுநீர் முதன்மைக் குழாய். தொடக்கத்தில் கான்கிரீட் குழாயைக் கொண்டு வடிவமைத்தோம். கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, குழாயின் மேற்பகுதி ஈரத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். அந்த அபாயம் இங்கே அதிகம் என்று தெரிந்ததும், பொருளை பிஇ 100 பாலிஎத்திலீனாக, எஸ்டிஆர் 17 வகையாக மாற்ற முடிவாயிற்று. எஸ்டிஆர் என்பது வெளிவிட்டத்தைச் சுவர்த்தடிமனால் வகுத்து வரும் விகிதம்.

நாங்கள் பயன்படுத்தியது சிவில் 3டி என்ற வடிவமைப்பு மென்பொருள். குழாய் வகைகளின் அளவுகளை வைத்திருக்கும் அதன் கேட்லாக்கில் ஒவ்வொரு குழாய்க் குடும்பத்துக்கும் உள்விட்டம், சுவர்த்தடிமன் ஆகியவை அடிப்படை அளவுருக்கள். பொருளின் பெயர், உட்சுவரின் சொரசொரப்பைக் கணக்கில் கொண்டுவரும் மேனிங் எண், ஹேசன்-வில்லியம்ஸ் எண் போன்றவை விருப்பப் பண்புகள். எங்களுக்கு வேண்டிய பாலிஎத்திலீன் குடும்பம் கேட்லாக்கில் இல்லை. ஆகவே பாகங்களை உருவாக்கும் கருவியான பார்ட் பில்டரில் கான்கிரீட் வட்டக் குழாய்க் குடும்பத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, பொருள் என்ற இடத்தில் "பிஇ 100 எஸ்டிஆர் 17" என்று எழுதினேன். விட்டப் பட்டியலில் 400, 450, 500 ஆகியவை ஏற்கெனவே இருந்தன. குழாய் விற்பவரின் பட்டியலிலும் அதே 400, 450, 500 இருந்தன. எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்துச் சேமித்தேன். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்தில் மூன்று பிழைகள் உள்ளே போயின.

மூன்று பிழைகள்

முதலாவது, விட்டம். கான்கிரீட் குழாயை உள்விட்டத்தால் பெயரிடுகிறார்கள். பாலிஎத்திலீன் அழுத்தக் குழாயை, ஐஎஸ்ஓ 4427, ஈஎன் 12201 தரங்களின்படி, வெளிவிட்டத்தால் பெயரிடுகிறார்கள். 400 என்ற எண் இரண்டு பட்டியலிலும் ஒன்றுதான். அது அளக்கும் இடம் வேறு. எஸ்டிஆர் 17 வகையில் 400 மி.மீ. குழாயின் சுவர் 23.7 மி.மீ.; உள்விட்டம் 352.6 மி.மீ. கேட்லாக்கில் நான் விட்டுவைத்திருந்த உள்விட்டமோ 400.

இரண்டாவது, சுவர்த்தடிமன். கான்கிரீட் குடும்பத்தில் இருந்த 60 மி.மீ. அப்படியே தங்கிவிட்டது. 400 உடன் இரண்டு பக்கமும் 60 சேர்த்தால் 520. மேன்ஹோல் துளையின் மூலம் இதுதான்.

மூன்றாவது, மேனிங் எண். கான்கிரீட்டுக்கான 0.013 மாறாமல் இருந்தது. இந்தத் திட்டத்தின் வடிவமைப்பு விதி பாலிஎத்திலீனுக்கு 0.010 என்று சொல்லியிருந்தது.

மூன்றும் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் மேல் வரும் குறிப்பில் பொருளின் பெயர் சரியாகவே விழுந்தது. அளவுப்பட்டியல் "பிஇ 100 எஸ்டிஆர் 17, 400 மி.மீ." என்றே அச்சானது. அதைப் பார்த்து வாங்கியவர்கள் சரியான குழாயையே வாங்கினார்கள். பெயரும் குறிப்பும் பாலிஎத்திலீனாக இருக்க, கணக்கும் வடிவமும் கான்கிரீட்டாகவே ஓடிக்கொண்டிருந்தன.

சரிபார்ப்பு ஏன் பிடிக்கவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சரிபார்ப்பு நடக்காமல் இல்லை. 200க்கு 1 என்ற சரிவில், 400 மி.மீ. குழாய் முழுதும் நிரம்பி ஓடும்போது விநாடிக்கு எவ்வளவு கொண்டுபோகும் என்று மென்பொருளிடம் கேட்டோம். 147 லிட்டர் என்றது. தயாரிப்பாளர் தந்திருந்த ஓட்ட வரைபடத்தில் அதே குழாய்க்கு, அதே சரிவுக்குப் பார்த்தபோது ஏறத்தாழ 137 வந்தது. ஏழு சதவீத வேறுபாடு. அச்சிட்ட வரைபடத்தில் கோடு பார்த்துப் படிப்பதில் வரும் பிசகு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அது பிசகு அல்ல. இரண்டு பெரிய பிழைகள் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று மறைத்ததன் மிச்சம். நிரம்பி ஓடும் வட்டக் குழாயின் கொள்திறன், விட்டத்தின் மூன்றில் எட்டு (8/3) அடுக்குக்கு ஏற்ப மாறும். உள்விட்டம் 400இலிருந்து 352.6 ஆகக் குறைந்தால் கொள்திறன் 28 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. மேனிங் எண்ணோ தலைகீழ் விகிதத்தில் வேலை செய்யும், 0.013 போய் 0.010 வந்தால் கொள்திறன் 30 சதவீதம் கூடுகிறது. 0.714ஐ 1.3ஆல் பெருக்கினால் 0.93. குறைந்ததும் கூடியதும் ஏறத்தாழ சமன். விட்டப் பிழையைத் தனியாகச் செய்திருந்தால் அன்றே பிடிபட்டிருப்பேன். மேனிங் பிழையைத் தனியாகச் செய்திருந்தாலும் அப்படியே.

கான்கிரீட்டிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறும் எந்த வேலையிலும் இந்தக் கண்ணாமூச்சி நிகழ வாய்ப்பு உண்டு. வழவழப்பால் வரும் லாபமும் சுவர் உள்விட்டத்தைக் குறைப்பதால் வரும் நட்டமும் எஸ்டிஆர் 17 வகையில் ஒரே அளவில் இருப்பது தற்செயல்தான். ஆனால் எஸ்டிஆர் 17 மிகப் பரவலாகப் பயன்படும் வகை. கொள்திறனை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் சரிபார்ப்பை அதன்பின் நான் நம்புவதில்லை.

பாதித் திருத்தம்

சில வாரங்கள் கழித்து மறுஆய்வு செய்த சக பொறியாளர், பாலிஎத்திலீனுக்கு 0.013 இருப்பதைக் கண்டார். அவர் கண்டது முற்றிலும் சரி. கேட்லாக்கிலும், வரைபடத்தில் தேர்வுக்கு வரும் பாகப் பட்டியலிலும் 0.010 என்று மாற்றி, குழாய்களை மறுபடியும் அந்தப் பட்டியலிலிருந்து மாற்றியிட்டோம். ஏற்கெனவே வரைந்த குழாய்கள் கேட்லாக்கில் செய்த மாற்றத்தைத் தாமாக எடுத்துக்கொள்ளாது என்பதால் அதைக் கவனமாகவே செய்தோம். விட்டத்தையும் சுவரையும் யாரும் பார்க்கவில்லை.

விளைவைப் பாருங்கள். 400 மி.மீ. குழாயின் கொள்திறன் திரையில் 147இலிருந்து 191 லிட்டராக உயர்ந்தது. நீரின் ஆழம் விட்டத்தின் நான்கில் மூன்று பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த ஆழத்தில் ஓட்டம், நிரம்பிய ஓட்டத்தின் 91 சதவீதம். அதாவது 174 லிட்டர். நடுவில் ஒரு பகுதியில் வடிவமைப்பு உச்ச ஓட்டம் 160 லிட்டர். அங்கே 450 மி.மீ. குழாய் வைத்திருந்தோம். இப்போது 400 போதும் என்று மென்பொருள் காட்டியதால் ஓர் அளவு குறைத்தோம். செலவு குறைந்தது என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

உண்மை நிலை வேறு. உள்விட்டம் 352.6 உள்ள குழாய் நிரம்பி ஓடினால் 137 லிட்டர். வட்டக் குழாய் தன் அதிகபட்ச ஓட்டத்தை முழுதும் நிரம்பும்போது அல்ல, 94 சதவீத ஆழத்தில்தான் அடையும். அப்போதும் நிரம்பிய ஓட்டத்தைவிட 8 சதவீதம்கூட அதிகரிக்காது. ஆக 147. உச்ச நேரத்தில் 160 வந்தால் குழாய் அழுத்தத்தில் ஓடும். மேன்ஹோல்களில் நீர்மட்டம் ஏறும்.

மூன்று பிழைகளும் அப்படியே இருந்த முதல் வடிவமைப்பில் இதே இடத்தில் இருந்தது 450. அதன் உண்மையான உள்விட்டம் 396.6, விதியின்படி 170 லிட்டர் கொண்டுபோகும். 160க்குப் போதுமானது. பிழையான கேட்லாக் தற்செயலாகச் சரியான குழாயைத் தேர்ந்திருந்தது. நேர்மையான ஒரு திருத்தம் அதைக் கெடுத்தது. அந்த சக பொறியாளர் மீது எந்தக் குறையும் இல்லை. ஒரு குடும்பத்தின் எண்களில் ஒன்றைத் தொடும்போது மற்றவற்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லும் எந்த ஏற்பாட்டையும் நான் அவருக்கு வைத்துவிட்டுப் போகவில்லை.

வடிவத்தில் வந்த சேதம்

சுவர்த்தடிமன் நீரியலைத் தொடுவதில்லை என்று பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது மண்ணையும் பணத்தையும் தொடுகிறது.

எங்கள் குழாய்க்கு மேலே ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே 300 மி.மீ. இடைவெளி வேண்டும். மாதிரியில் 230 மி.மீ. மட்டுமே தெரிந்தது. ஆகவே அந்த இடத்திலிருந்து நீரேற்று நிலையம் வரை 640 மீட்டர் நீளத்துக்குக் குழாயை 100 மி.மீ. கீழே இறக்கினோம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்வர்ட் மட்டம், அதாவது குழாயின் உள் அடிமட்டம், இரண்டு நிலையிலும் ஒன்றே. மாதிரியில் குழாயின் வெளி உச்சி, இன்வர்ட்டுக்கு மேல் 400 கூட்டல் 60, ஆக 460 மி.மீ. உண்மையில் 352.6 கூட்டல் 23.7, ஆக 376. இடையே 84 மி.மீ. நிஜத்தில் இருந்த இடைவெளி 314. இறக்க வேண்டிய தேவையே இல்லை.

அகழியும் அகலமாயிற்று. வெளிவிட்டத்தோடு 600 மி.மீ. கூட்டுவது எங்கள் விதி. 1 மீட்டர் போதுமான இடத்தில் 1.12 மீட்டர் கணக்கானது. சராசரி ஆழம் 2.5 மீட்டர் என்று கொண்டால், அந்த 640 மீட்டரில் மட்டும் 190 கன மீட்டருக்கு மேல் தேவையற்ற மண்வேலை அளவுப்பட்டியலில் ஏறியிருந்தது. தேவையின்றி இறக்கியதற்கு மேலும் 64.

இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. அகழியில் குழாய்க்கு அடியிலும் பக்கத்திலும் இடும் மண்ணுக்கான படுகை விதிகளும் கான்கிரீட்டுக்கு உரியவையாகவே இருந்தன. கான்கிரீட் விறைப்பான குழாய். சுமையைத் தன் சுவராலேயே பெரும்பாலும் தாங்கும். பாலிஎத்திலீன் நெகிழும் குழாய். பக்கவாட்டில் இறுக்கிய மண்தான் அதற்குத் துணை. பொருளை மாற்றும்போது மென்பொருளில் குழாய்க் குடும்பத்தோடு விதித் தொகுப்பையும் அகழிக் குறுக்குவெட்டையும் மாற்ற வேண்டும். குழாயை இடும் முன் இதுவும் கண்ணில் பட்டது.

மறுபடி செய்த விதம்

பழைய குடும்பத்தைத் திருத்தவில்லை. ஓரிடத்தில் பிழையான எண் பழகிவிட்டால் அது நகல்களில் ஒளிந்திருக்கும். புதிதாகத் தொடங்கினேன்.

முதலில் மென்பொருளைத் திறக்காமல் ஒரு விரிதாள். அளவுக்கு ஒரு வரி: வெளிவிட்டம், சுவர்த்தடிமன், உள்விட்டம், மேனிங் எண், எந்தத் தரத்தின் எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது. உள்விட்டத்தைத் தட்டச்சு செய்வதில்லை; வெளிவிட்டத்திலிருந்து இரண்டு சுவரைக் கழித்துச் சூத்திரம் தர வேண்டும். 400க்கு 23.7, 450க்கு 26.7, 500க்கு 29.7, உள்விட்டங்கள் 352.6, 396.6, 440.6. தரம் தருவது குறைந்தபட்சச் சுவர்த்தடிமன் என்பதையும் அங்கேயே குறித்தேன். கையில் வரும் குழாயின் சுவர் அதைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கலாம், உள்விட்டம் சற்றுக் குறையலாம்.

அடுத்து பார்ட் பில்டர். கேட்லாக் கோப்புறையில் கோப்புகளை நகலெடுத்துப் பெயர் மாற்றுவது ஆபத்தான குறுக்குவழி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளே தனி அடையாள எண் உண்டு, நகலில் அதுவும் நகலாகும். ஆகவே உள்ளிருந்தே புதிய பெயரில் சேமித்தேன். விட்டத்தையும் தடிமனையும் தனித்தனிப் பட்டியல்களாக வைத்தால், மூன்று விட்டத்துக்கும் மூன்று தடிமனுக்கும் ஒன்பது சேர்க்கைகள் தேர்வுக்கு வரும். அதில் ஆறு உலகில் இல்லாத குழாய்கள். தடிமனை விட்டத்தோடு கட்டிய அட்டவணையாக வைத்தால் மூன்றே வரும். பழைய குடும்பத்தில் இந்தக் கட்டு இருந்திருந்தால் 400க்கு 60 என்ற எண்ணை நான் கண்ணால் பார்த்திருப்பேன்.

அளவுப் பெயரை உருவாக்கும் சூத்திரத்தையும் மாற்றினேன். இயல்பாக அது உள்விட்டத்தைக் காட்டும், "352.6 மி.மீ. குழாய்" என்று கேட்டால் யாரும் விற்க மாட்டார்கள். வெளிவிட்டம் பெயரில் வரும்படியும், "வெ.வி." என்ற எழுத்துகள் கூடவே வரும்படியும் வைத்தேன். பிறகு கேட்லாக்கைப் புதுப்பிக்கும் கட்டளை, பாகப் பட்டியலில் சேர்த்தல், அங்கே மேனிங் எண் வந்திருக்கிறதா என்று அளவு வாரியாகப் பார்த்தல். கேட்லாக்கைப் பொதுச் சேமிப்பகத்தில் வைத்து, எழுதும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுத்தோம். ஒருவர் சேர்ப்பார், மற்றவர் விரிதாளோடு ஒப்பிடுவார்.

கடைசியாக, வெற்று வரைபடத்தில் 10 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு குழாய், இரண்டு மேன்ஹோல். குறுக்குவெட்டை எடுத்து, மென்பொருள் சொல்லும் எண்ணைப் படிக்காமல், பரிமாணக் கோடு போட்டு உள்ளும் வெளியும் அளந்தேன். 352.6, 400.0. பிறகு மென்பொருள்களுக்கிடையே தரவைப் பரிமாறும் லேண்ட்எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்த்தேன். விட்டம், தடிமன், பொருள், மேனிங் எண் நான்கும் அதில் தனித்தனிப் பண்புகளாக நிற்கும். நான்கையும் ஒரே வரியில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. எஸ்டபிள்யூஎம்எம் போன்ற நீரியல் மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போது பொருளின் பெயர் கணக்கிலேயே சேராது. இவற்றில் குழாயின் உள் ஆழமும் சொரசொரப்பு எண்ணும் மட்டுமே அதற்குத் தெரியும்.

பிற பொருள்களுக்கும் இதே விரிதாளைத் தொடர்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். டக்டைல் இரும்பில் டிஎன் (பெயரளவு விட்டம்) 300 என்றால் வெளிவிட்டம் 326 மி.மீ.; 300 என்பது உள்ளளவும் அல்ல, வெளியளவும் அல்ல, உட்பூச்சின் தடிமனையும் கழிக்க வேண்டும். பியூசி வெளிவிட்டத்தால் போகும். ஈஎன் 13476 தரத்தில் வரும் கட்டமைப்புச் சுவர்க் குழாய்களை உள்விட்டத்தாலும் பெயரிடலாம், வெளிவிட்டத்தாலும் பெயரிடலாம். இவற்றுக்குத் தயாரிப்பாளரின் தாள் கையில் இல்லாமல் கேட்லாக்கைத் தொடவே கூடாது.

மேனிங் எண் பற்றி ஒரு கருத்து

0.010 என்பது எங்கள் திட்ட விதி. ஆய்வகத்தில் புதிய பிளாஸ்டிக் குழாய்க்கு 0.009கூட வரும். ஆனால் கழிவுநீர்க் குழாயின் உட்சுவரில் சில மாதங்களில் கொழகொழப்பான படலம் படிகிறது. கான்கிரீட்டானாலும் பிளாஸ்டிக்கானாலும் நீர் உராய்வது அந்தப் படலத்தோடுதான். எந்தப் பொருளுக்கும் 0.013 என்றே கணக்கிடச் சொல்லும் அமைப்புகள் இருப்பது இதனால்தான். நான் கழிவுநீருக்கு 0.011க்குக் கீழே போக விரும்புவதில்லை. அப்படிக் கணக்கிட்டால் அந்த நடுப்பகுதியில் 450 குழாய் 155 லிட்டர்தான் தரும், 160க்குக் குறைகிறது. இதை எழுத்தில் வைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு 500 முடிவாயிற்று, 0.011 என்று கொண்டாலும் 205 லிட்டர்.

இப்போதைய நிலை

வந்திறங்கிய 400 மி.மீ. குழாய்கள் ஓட்டம் குறைந்த மேல்பகுதிகளுக்குப் போயின. குறுக்கே போகும் குடிநீர்க் குழாயின் இடத்தில் இன்வர்ட் பழைய மட்டத்துக்கே உயர்ந்தது. தவறான துளையுள்ள மேன்ஹோல்களில், அவற்றைத் திருப்பி அனுப்பாமல், சுருங்காத சாந்து நிரப்பி, 420 மி.மீ. துளையை மறுபடி வெட்டினார்கள். அதற்கான முழுச் செலவும் வடிவமைப்புப் பிழை என்று எங்கள் கணக்கில் எழுதப்பட்டது, அது நியாயமே.

இரண்டாம் தொகுதி மேன்ஹோல்கள் வந்த அன்று நானே களத்துக்குப் போயிருந்தேன். அளவெடுப்பவர் நாடாவைத் துளையின் குறுக்கே வைத்து என்னையே படிக்கச் சொன்னார். 420. பிறகு குழாயின் வெட்டுமுனையைக் காட்டி, உள்ளேயும் வைத்துப் பார்க்கச் சொன்னார். 350ஐத் தாண்டி இரண்டாவது கோட்டில் நின்றது.

பழைய குடும்பத்தைப் பயன்படுத்திய மூன்று வரைபடங்கள் இன்னும் சேமிப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் குழாய்களை மாற்றியிட்டு முடிக்கும் வரை, கேட்லாக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரை "பயன்படுத்தாதீர்கள்: உள்விட்டம் தவறு" என்று மாற்றி வைத்திருக்கிறேன்.